ரப்பர் பிடுங்குகிற அக்கா

எங்கள் தெருவில் அவரை ரப்பர்புடுங்கி என்பார்கள். முகத்துக்கு நேரே அப்படிச் சொல்ல மாட்டார்கள். முகத்துக்கு நேரே அக்கா. நானும் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். அப்படியே எழுதுகிறேன்.

ரப்பர் என்றால் குழந்தை வாயில் வைக்கிற சூப்பான். பால் வராத காம்பு. பின்னால் ஒரு வளையம் இருக்கும். ஆரணி பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடைகளில் அட்டையில் வரிசையாகக் குத்தித் தொங்கவிட்டிருப்பார்கள். நீலம், ரோஸ், மஞ்சள். அப்போது எங்கள் தெருவில் தறி இல்லாத வீடு கிடையாது. ரப்பர் இல்லாத ஏணையும் கிடையாது. ஏணை என்றால் தூளி.

அதற்குக் காரணம் உண்டு. பட்டுச் சேலைக்கு ஒரு ஆள் போதாது. நான் தறிக் குழியில் காலை விட்டு உட்கார்ந்து மிதித்து நெய்வேன். என் வீட்டுக்காரி பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடா போடுவாள், சேலைக் கரைக்கு நூல் ஓட்டுகிற கட்டை. ஒருத்தர் எழுந்தால் இரண்டு பேர் வேலையும் நிற்கும். குழந்தை ஏணையில் இருக்கும். அழும். அவள் எழுந்து போவாள். தறி நிற்கும். வந்து உட்காருவாள். மறுபடி அழும். மூத்தவன் பிறந்த வருஷம் ஒரு சேலைக்கு இரண்டு சேலை நாள் ஆனது. ஒரு நாள் அவளே கடைக்குப் போய் ரப்பர் வாங்கி வந்தாள். வாயில் வைத்தாள். அழுகை நின்றது. அன்று சாயந்திரம் வரை நெய்தோம். எங்களுக்கு அது சாமி மாதிரி இருந்தது.

இதைச் சொல்லத்தான் வேண்டும். ரப்பரைக் கெட்டது என்று மட்டும் சொன்னால் பொய்.

அக்கா எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரே அறையில் இருந்தார். அதே வீட்டுக்காரருக்கு அவரும் வாடகை, நாங்களும் வாடகை. கிணறு பொது. நாற்பது வயசு இருக்கும். தனி ஆள். புருஷன் இருக்கிறாரா, இல்லையா என்று யாருக்கும் தெரியாது. நாலைந்து வீட்டுத் தறிகளுக்குத் தார் சுற்றிக் கொடுப்பார். நாடாவுக்குள் வைக்கிற சின்னக் குழலில் பட்டு நூல் சுற்றுகிற வேலை. ராட்டையை வாசலுக்கு நேராகப் போட்டு, சுவரில் முதுகு சாய்த்து உட்காருவார். காலையிலிருந்து அந்த ராட்டைச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

அது நின்றால் எங்கோ ஒரு குழந்தை அழுகிறது என்று அர்த்தம்.

தலையைச் சாய்த்துக் கேட்பார். கொஞ்ச நேரத்தில் அழுகை அடங்கினால் எழுந்துவிடுவார். அழுதுகொண்டே இருந்தால் போக மாட்டார். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ரொம்ப நாள் ஆனது. அழுகிற குழந்தையைப் பார்க்க எல்லாரும் போவார்கள். அக்கா அழுகை நின்ற குழந்தையைப் பார்க்கப் போவார்.

போய், வாயில் ரப்பர் இருந்தால் பிடுங்குவார். தூக்கி எறிய மாட்டார். தண்ணீரில் கழுவி அம்மா கையில் கொடுத்துவிடுவார். குழந்தை வீரிட்டு அழும்.

"இன்னாக்கா இது பேஜாரு? இப்பதான் அடங்குச்சி."

"இரு. அழட்டும். இன்னாத்துக்கு அழுவுதுன்னு கேக்கலாம்."

நின்று கேட்பார். அப்புறம் சொல்வார். "இது பசி." "இது வயிறு. காலு ரெண்டும் மேல இழுக்குது பாரு." "இதுக்கு ஒண்ணுமில்ல, உம் மூஞ்சியப் பாக்கணுமாம்." சொல்லிவிட்டுத் திரும்பிப் போய் ராட்டையில் உட்கார்ந்துகொள்வார். தண்ணீர் கூட வாங்கிக் குடிக்க மாட்டார்.

சில வீடுகளில் அவர் வருவது தெரிந்தாலே ரப்பரை ஒளித்துவிடுவார்கள். "அக்கா வர்து, எடு எடு" என்று குழந்தை வாயிலிருந்து பிடுங்கி இடுப்பில் சொருகிக்கொள்வார்கள். உடனே குழந்தை கத்தும். அக்கா வாசலில் நின்று, "நான் பிடுங்கற வேலைய நீயே பண்ணிட்ட" என்பார். சிரிக்க மாட்டார்.

எதிர் வீட்டுக்காரி ஒருத்தி வாய்த்துடுக்கு. அவள் ஒரு நாள் கேட்டேவிட்டாள்.

"நீ வந்து எந் தறில உக்காருக்கா. நான் எம் புள்ளைய நாள் பூரா அழவுட்டுக் கேட்டுகினு கீறேன்."

அக்கா, "சரி" என்றார். நிஜமாகவே போய் உட்கார்ந்தார். சாப்பாட்டு நேரம் வரை கரை நாடா போட்டார். ஒரு இழை தப்பவில்லை. அவருக்குத் தறி தெரியும் என்பதே எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது. எங்கே நெய்தார், யாரோடு நெய்தார் என்று யாரும் கேட்கவில்லை. அந்த எதிர் வீட்டுக்காரி அதற்குப் பிறகு அவரை ஒன்றும் சொன்னதில்லை. ரப்பரையும் விடவில்லை.

அதே எதிர் வீட்டில்தான் சாயம் விஷயம் நடந்தது. ரப்பர் அடிக்கடி கீழே விழுகிறது என்று அவள் வளையத்தில் நூல் கட்டி குழந்தை கழுத்தில் மாட்டியிருந்தாள். வீட்டில் கிடந்த கழிவு நூல். அரக்குப் பட்டு. குழந்தை ரப்பரோடு நூலையும் சேர்த்துச் சப்பியிருக்கிறது. மத்தியானம் பார்த்தால் வாய், மோவாய், சட்டை எல்லாம் சிவப்பு.

"ஐயோ, எம் புள்ள ரத்தமா கக்குதே" என்று தெருவில் வந்து விழுந்தாள். எல்லாத் தறியும் நின்றது. நான் வண்டிக்கு ஓடினேன். ஒருத்தர் கற்பூரம் கொளுத்தினார். அக்கா வந்து குழந்தை வாயில் விரலை விட்டுத் துடைத்து மோந்து பார்த்தார்.

"சாயம்."

அவ்வளவுதான் சொன்னார். நெய்கிறவர்கள் இருபது பேர் நின்றோம். நாளெல்லாம் கையில் புரள்கிற சாயம். ஒருத்தருக்கும் தோன்றவில்லை. வெட்கமாகப் போய்விட்டது.

அக்கா அந்த நூலை அறுக்கப் பார்த்தார். அறவில்லை. பல்லால் கடித்தார். அப்போதும் வரவில்லை. கத்தரி வாங்கி வெட்டினார். வெட்டியதை எல்லாரும் பார்க்கும்படி தூக்கிக் காட்டினார்.

"பருத்தின்னா அறும். இது அறாது. புள்ள கழுத்துல இத கட்டாதீங்க."

அன்று மாலைக்குள் தெருவில் எல்லாக் குழந்தை கழுத்திலும் நூல் போய்விட்டது. பெயர் மட்டும் போகவில்லை. அடுத்த நாளும் ரப்பர்புடுங்கிதான்.

எங்கள் மூத்தவனுக்கு நாலு வயசாகியும் ரப்பர் போகவில்லை. மேல் பல் இரண்டும் முன்னால் வந்துவிட்டன. என் வீட்டுக்காரி வேப்பெண்ணெய் தடவிக் கொடுத்தாள். முகத்தைச் சுளித்தான். கசப்போடேயே சப்பினான். பிறகு வேப்பெண்ணெய் இல்லாவிட்டால் வேண்டாம் என்று அழுதான். அக்கா அவனைத் தன் அறைக்குக் கூட்டிப் போனார். மூன்று நாள் வைத்துக்கொண்டார். என்ன செய்தார் என்று பின்னால் கேட்டேன்.

"ஒண்ணும் செய்யல தம்பி. அழுதான். இன்னா வேணும்னு கேட்டேன். மறுபடி அழுதான். மறுபடி கேட்டேன். கேட்டுகினே இருந்தா ரப்பரு இன்னாத்துக்கு?"

அந்த மூன்று நாளும் அவர் ஒரு தார் கூடச் சுற்றவில்லை.

இனி என் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எழுபத்தெட்டில் பிறந்தாள். நல்ல நிறம். அழுகை குறைவு. ரப்பரை வைத்துவிட்டால் பாதி நாள் தூங்குவாள். என் வீட்டுக்காரிக்குப் பெருமை. "பொம்பளப் புள்ள, அடக்கமா கீது" என்று எல்லாரிடமும் சொல்வாள். தண்ணீர் பிடிக்க வருகிற பெண்கள் எட்டிப் பார்த்துவிட்டு, "குடுத்து வெச்சவ நீ" என்பார்கள்.

தறிக்காரன் வீட்டுக் குழந்தைகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. தறிச் சத்தத்தில் தூங்கும். சத்தம் நின்றால் முழித்துக்கொள்ளும். ஊரில் மற்றக் குழந்தைகளுக்குச் சத்தம் கேட்டால் விழிப்பு. எங்களுக்குத் தலைகீழ். மூத்தவன் அப்படித்தான். நாடாவில் தார் மாற்றுகிற நேரம் போதும், கண்ணைத் திறந்துவிடுவான். இவள் திறக்க மாட்டாள். நான் தறியை விட்டு எழுந்து, சாப்பிட்டு, கை கழுவி வந்தாலும் தூங்குவாள். ரப்பர் பண்ணுகிற வேலை என்று நினைத்தோம். இவளுக்கு நல்லா ஒத்துக்கொண்டது என்றோம்.

பெண்ணுக்கு எட்டு மாசம் இருக்கும்போது அக்கா வந்தார். அன்று எங்கள் வீட்டில் அழுகை இல்லை. அழுகையே இல்லாததால் வந்தார் என்று இப்போது தெரிகிறது.

ஏணைக்குள் பார்த்தார். தூங்குகிறவள் வாயிலிருந்து ரப்பரை எடுத்தார். அவள் முழிக்கவில்லை.

"தறிய நிறுத்து தம்பி" என்றார்.

நிறுத்தினேன். வீடு அமைதியானது. பக்கத்து வீட்டுத் தறி மட்டும் எங்கோ கேட்டது. குழந்தை தூங்கியது. அக்கா எங்கள் சொம்பை எடுத்தார். இடுப்பு உயரத்திலிருந்து தரையில் விட்டார். எனக்குத் தூக்கிப் போட்டது. மூத்தவன் வாசலிலிருந்து ஓடி வந்தான். ஏணையில் அசைவில்லை. வாயில் ரப்பர் இல்லை. உதடு மட்டும் சப்பிக்கொண்டே இருந்தது.

அக்கா சொம்பை எடுத்து நிமிர்த்தி வைத்தார்.

"காது டாக்டர்கிட்ட காட்டுங்க. ஜல்தியா காட்டுங்க."

என் வீட்டுக்காரி எழுந்து நின்றாள். நூல் காலில் சுற்றியிருந்தது. அதைக் கூட எடுக்கவில்லை.

"இன்னா சொல்ற நீ? எம் புள்ள செவுடா?"

"நான் அப்டி சொல்லலம்மே. காட்டுன்றேன்."

"தூங்கற புள்ள வாயில கீறத புடுங்கி, சொம்பப் போட்டு, அப்பால செவுடுன்னு சொல்றியா? புள்ள பெத்து வளத்திருந்தா தெரியும். வயித்தெரிச்சல். தெருவுல எந்தப் புள்ளையும் நிம்மதியா இருக்கக் கூடாது உனக்கு. போ வெளிய."

அக்கா என்னைப் பார்த்தார்.

நான் குழியில் உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை. எனக்குப் பேச்சு குறைவு என்று ஊரில் சொல்வார்கள். அது நல்ல குணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் போனார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்குள் வரவில்லை. சுற்றிய தாரை வாசல்படியில் ஒரு கிண்ணத்தில் வைத்துவிட்டுப் போவார். காலிக் குழல்களை நாங்கள் அதே கிண்ணத்தில் வைப்போம். அவ்வளவுதான் பேச்சு.

இரண்டு நாள் கழித்து, வீட்டுக்காரி கிணற்றுக்குப் போன நேரம், பெண்ணைத் தரையில் உட்காரவைத்தேன். பின்னால் போய் நின்று கை தட்டினேன். ஓங்கித் தட்டினேன். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அவள் தரையில் கிடந்த ஒரு குழலை எடுத்து வாயில் வைக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் முன்னால் வந்ததும் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் போகவில்லை. தறியில் பாவு இருந்தது. நாலு சேலைக்கு நீளவாட்டில் ஏற்றிய நூல். ஒரு சேலைதான் இறங்கியிருந்தது. பாவு ஏற்றினால் தீரும் வரை வேறு காரியம் தொடங்க மாட்டோம். கல்யாணம் ஆனாலும், ஆஸ்பத்திரி ஆனாலும், பாவு தீரட்டும் என்போம். என் அப்பாவும் அப்படித்தான் சொல்வார். நானும் சொல்லிக்கொண்டேன். பாவு தீரட்டும். என் பெண்ணின் காதுக்கு நான் கொடுத்த தவணை மூன்று சேலை. நினைத்துப் பார்த்தால் அது பாவு இல்லை. பயம்.

கடைசிச் சேலையை அறுத்த அன்று வீட்டுக்காரியிடம் சொன்னேன். வேலூருக்குப் போகலாம் என்றேன். அவளுக்கும் தெரிந்திருந்தது. எப்போது தெரிந்தது என்று நான் கேட்கவில்லை.

"நான் வரல. எவனாவது வாயத் தொறந்து சொன்னா நான் அங்கியே விழுந்துடுவேன்" என்றாள்.

எனக்கு ஆஸ்பத்திரியில் பேசத் தெரியாது. ஐந்தாவது வரை படித்தவன். பின்னால் போய் அக்கா வாசலில் நின்றேன். அவர் ராட்டையை நிறுத்தினார்.

"வேலூருக்கு" என்றேன்.

"எப்போ?"

"நாளைக்கு."

"வரேன்" என்றார்.

இரண்டு மாசமாக முகம் பார்க்காதவர். ஏன் இவ்வளவு நாள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பஸ்ஸில் கூட்டம். நெல் மூட்டைக்காரர்கள் ஏறியிருந்தார்கள். நிற்கத்தான் இடம். பஸ் கிளம்புவதற்கு முன்னாலேயே பெண் அழத் தொடங்கினாள். வேர்வை, புது முகங்கள், அம்மா இல்லை. அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "புள்ள வாய அடைக்கக் கூடாதா?" என்று கண்டக்டர் கத்தினார். ரப்பரை நான் எடுத்து வரவில்லை. அக்கா கூட வருகிறாரே என்று எடுத்து வரவில்லை.

அக்கா கீழே இறங்கினார். எதிர்க் கடைக்குப் போனார். ஒரு நீல ரப்பர் வாங்கினார். டீக்கடையில் வெந்நீர் கேட்டுக் கழுவினார். பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தது. ஏறி வந்து குழந்தை வாயில் வைத்தார். அவள் அடங்கினாள்.

நான் அவரையே பார்த்தேன்.

"நீங்களே குடுக்கறீங்க?"

"இன்னைக்கு இது இன்னாத்துக்கு அழுவுதுன்னு தெரியும் தம்பி. தெரிஞ்சா குடுக்கலாம்."

கண்ணமங்கலம் தாண்டியதும் உட்கார இடம் கிடைத்தது. பெண் அவர் தோளில் தூங்கினாள்.

ஆஸ்பத்திரியில் எந்த வாசல், எந்த வரிசை, எந்த பெஞ்சு என்று எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. யாரையும் கேட்காமல் நடந்தார். நான் பின்னால் போனேன்.

பரிசோதனை நடந்தது. மணி அடித்தார்கள். ஏதோ மெஷின் வைத்தார்கள். டாக்டர் வயசானவர். இரண்டு காதும் கேட்கவில்லை, பெரிய சத்தம் கொஞ்சம் விழலாம் என்றார். காது மெஷின் மாட்டலாம், முகத்தைப் பார்த்துப் பேசிப் பழக்கினால் பேச்சு வரும் என்றார். அப்புறம் சீட்டைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"பத்து மாசக் குழந்தையா? எல்லாரும் நாலு வயசுல பேச்சு வரலன்னு தூக்கிகிட்டு வருவாங்க. அதுக்குள்ள பாதி காலம் போயிருக்கும். இது யாரு கண்டுபிடிச்சது?"

அக்கா எனக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கையில் அந்த நீல ரப்பர்.

"வீட்லதாங்க" என்றேன்.

பெத்த அப்பனுக்குத் தெரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அவ்வளவுதான் காரணம். டாக்டர் அக்காவைப் பார்த்து, "நீங்க அம்மாவா?" என்றார்.

"இல்லீங்க. பின் வூடு" என்றார் அக்கா.

திரும்பி வரும்போது ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார். ஆரணி நெருங்கும்போது, அரிசி மில் புகை தெரிய ஆரம்பித்ததும், தானாகச் சொன்னார்.

"எங்க வூட்லயும் ஒண்ணு இருந்துது. அழாது. ரப்பரு குடுத்துட்டு நாங்க ரெண்டு பேரும் தறில உக்காந்துக்குவோம். நல்ல புள்ள, நல்ல புள்ளன்னு சொல்லிகினே இருந்தோம். நோவு இன்னான்னு இதே ஆஸ்பத்திரில தெரியறதுக்குள்ள போயிடுச்சி."

பெண்ணா, பிள்ளையா என்று நான் கேட்கவில்லை. பஸ் நின்றது. இறங்கினோம்.

வீட்டுக்காரி அன்று இரண்டு ரப்பரையும் அடுப்பில் போட்டாள். நாற்றம் நெடுநேரம் போகவில்லை. மறுநாளிலிருந்து பெண்ணை எதிரே உட்காரவைத்துப் பேசத் தொடங்கினாள். வாயை நல்லாத் திறந்து, ஒவ்வொரு சொல்லாக. வாழ்நாள் பேச்சை அந்த ஐந்து வருஷத்தில் பேசித் தீர்த்தாள். அக்காவிடம் மட்டும் பேசவில்லை. முதலில் வெட்கம். வெட்கம் நாளானால் கோபம் மாதிரியே ஆகிவிடுகிறது. எதிரில் வந்தால் தலையைக் குனிந்துகொள்வாள்.

பெண் நடக்க ஆரம்பித்ததும் தானே பின் வீட்டுக்குப் போனாள். பெரிம்மா என்பாள். அந்தச் சொல் அவள் தொண்டையில் வேறு மாதிரி வரும். அக்கா ராட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். முதுகு வாசலுக்கு, முகம் அவளுக்கு. சுற்றிக்கொண்டே பேசுவார். என்ன பேசுவார் என்று எங்களுக்குக் கேட்காது. எங்கள் தறி ஓடிக்கொண்டிருக்கும்.

ஐந்து வயசில் அவள் எவர் வாயையும் படிப்பாள். நெஞ்சில் மெஷின் தொங்கும். அதைவிடக் கண்தான் அவளுக்கு. ஒரு நாள், எங்களுக்குப் பாவு கொடுக்கிற முதலாளி வீட்டு ஆள் தெருக்கோடியில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தான். இவள் வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்து, "நைனா, அந்த ஆளு உன்ன சோம்பேறின்றான்" என்றாள். அப்புறம் அவன் எங்கள் வீட்டுக்கு வந்து அண்ணே அண்ணே என்று குழைந்தான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அவளுக்கு ஆறு வயசு ஆனபோது வீட்டுச் சொந்தக்காரர் மகனுக்குக் கல்யாணம் வைத்தார். பின் அறை வேண்டும் என்றார். அக்கா கலசப்பாக்கம் பக்கம் தங்கை வீட்டுக்குப் போகிறார் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். என்றைக்கு என்று எனக்குத் தெரியாது. கேட்டிருக்கலாம்.

ஒரு வியாழக்கிழமை காலை. நானும் வீட்டுக்காரியும் தறியில் இருந்தோம். பெண் எங்களுக்குப் பக்கத்தில் கழிவு நூல் பிரித்துக்கொண்டிருந்தாள். வாசலில் வெளிச்சம் மறைந்தது. நிமிர்ந்தேன். அக்கா நின்றார். ஒரு கையில் தகரப்பெட்டி, ஒரு கையில் பை. வாய் அசைந்தது. தறிச் சத்தத்தில் கேட்கவில்லை. தாரைப் பற்றி ஏதோ சொல்கிறார் என்று நினைத்துத் தலையை ஆட்டினேன். கால் மிதித்துக்கொண்டே இருந்தது. வீட்டுக்காரி நிமிரவே இல்லை. அக்கா மறுபடி ஏதோ சொன்னார். நான் மறுபடி தலையை ஆட்டினேன். கொஞ்ச நேரம் நின்றார். பிறகு உள்ளே ஒரு அடி வைத்து, என் பெண் கன்னத்தைத் தொட்டார். போய்விட்டார்.

மத்தியானம் சோற்றில் உட்கார்ந்தோம். பெண் சாப்பிடாமல் என் முகத்தையே பார்த்தாள்.

"நைனா, பெரிம்மா சொன்னாங்களே. நீ ஏன் நிறுத்தல?"

"இன்னா சொன்னாங்க?"

அவள் அக்கா மாதிரியே வாயை வைத்துக்கொண்டு சொன்னாள்.

"தறிய கொஞ்சம் நிறுத்து தம்பி. சொல்லிகினு போறேன்."

நான் தறியைத் திரும்பிப் பார்த்தேன்.

"ரெண்டு வாட்டி சொன்னாங்க" என்றாள்.

வீட்டுக்காரி தட்டிலிருந்து கையை எடுத்தாள். எழுந்து பின்னால் போனாள். அறை திறந்து கிடந்தது. கூட்டியிருந்தது. ராட்டை இல்லை. எங்கள் வீட்டுக் கிண்ணம் மட்டும், சுற்றின தாரோடு, நடுவில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"போய்ப் பாருங்க" என்றாள். அழுதுகொண்டே சொன்னாள். "நான் கேட்டேன்னு சொல்லுங்க."

பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். போளூர் வழி பஸ் காலையிலேயே போயிருந்தது.

மறுநாள் பாவைப் பாதியில் விட்டுவிட்டுக் கலசப்பாக்கம் போனேன். என் வாழ்நாளில் பாவைப் பாதியில் விட்டது அந்த ஒரு தடவைதான். இறங்கி டீக்கடையில் விசாரித்தேன். ஆரணியிலிருந்து நேற்று ஒரு அம்மா வந்தார்களா என்றேன்.

"பேரு இன்னாங்க?"

அப்போதுதான் தெரிந்தது. ஒன்பது வருஷம் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுத்தோம். எனக்கு அவர் பெயர் தெரியாது.

"குழந்தைங்க வாயில கீற ரப்பர புடுங்குவாங்க" என்றேன்.

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "நல்ல உத்தியோகம்தான்" என்றார் ஒருத்தர்.

தெருத் தெருவாகப் போனேன். வெயில் ஏறிவிட்டது. ஒரு தெருவில், ஓட்டு வீட்டுக்குள், ஒரு குழந்தை அழுதது. நல்லா அழுதது. நான் எதிரே ஒரு வேப்பமர நிழலில் நின்றேன். அக்கா இந்த ஊரில் இருந்தால் இந்த அழுகை நின்றதும் வராமல் இருக்க மாட்டார் என்று நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் அழுகை பட்டென்று நின்றது. நான் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தேன். யாரும் வரவில்லை.

சின்ன வயசுப் பெண் ஒருத்தி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். குழந்தை வாயில் ரோஸ் கலர் ரப்பர். கன்னத்தில் கண்ணீர் இன்னும் காயவில்லை. அவள் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள்.

"யாருங்க வேணும்?"

சொல்ல என்னிடம் பெயர் இல்லை.

"புள்ள இன்னாத்துக்கும்மா அழுதுது?" என்று கேட்டேன்.

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.